பன்னிரண்டாவது வழி

“இந்த டொமினிக் பய திருடன், மேடம். கையெழுத்து மட்டும் போடுங்க.”

ஆபீஸ் குமாஸ்தாக்களுக்குத் தலைவரான தலைமைக் கிராணி ஹரிதாஸ் மேசைமேல் ஒரு கடிதத்தை வைத்தார். தேயிலை எஸ்டேட்டின் கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்க்கும் டொமினிக்கை வேலையிலிருந்து நீக்கும் கடிதம். விசாரிக்கும் முன்பே டைப் அடித்துக் கொண்டுவந்துவிட்டார். அவ்வளவு சுறுசுறுப்பு.

மேனேஜர் எலைன் கடிதத்தைத் தொடவில்லை. “என்ன திருடினாரு?”

“ஒரு வழிய மறைச்சிட்டான். ரௌட்டருங்க பக்கத்து ரௌட்டருக்கு, ‘என் வழியா இங்கெல்லாம் போலாம்’னு சொல்லிக்கிட்டே இருக்கும். ஃபேக்டரி ரௌட்டர் நம்ம ஆபீஸ் ரௌட்டருக்குப் பன்னெண்டு வழி சொல்லணும். ஒரு வாரமா பதினொன்னுதான் சொல்லுது. தானா ராத்தா டவுனுல கம்ப்யூட்டர் கடை வெச்சிருக்க ஷம்சுதீனக் கூட்டியாந்து காட்டினேன். ‘யாரோ வேணும்னே வடிகட்டி வெச்சிருக்காங்க’ன்னுட்டாரு.”

“காணாமப் போனது எது?”

“பழைய எடைக் கொட்டாய் காமிரா. தேயிலைத் தூள் மூட்டைய அங்க பதுக்கி கியா பார்ம் ஊர்க் கடைங்களுக்குத் தள்ளுறான் லா. இல்லேன்னா காமிராவ எதுக்கு மறைக்கணும்?”

எலைனுக்கும் சந்தேகம் தட்டியது. மறைக்கிறவனிடம் ஏதாவது இருக்கத்தானே செய்யும். டொமினிக்கை வரச் சொன்னார்.

வந்தவன் கடிதத்தில் தன் பெயரைப் பார்த்ததும் வெளுத்துப் போனான். மனைவி பார்பராவுக்கு எட்டாம் மாதம். வேலை போனால் எஸ்டேட் வீடும் போய்விடும்.

“வழிய மறைச்சது நீங்களா?”

“ஆமா மேடம்.”

“பார்த்தீங்களா, வாயாலேயே ஒத்துக்கிட்டான்,” என்றார் ஹரிதாஸ்.

“ஏன் டொமினிக்?”

அவன் தயங்கினான். கிராணியை ஒருமுறை பார்த்தான்.

“எடை இப்பல்லாம் லோரிகிட்டயே போட்டுடறாங்க மேடம். கொட்டாய் சும்மாதான் கிடக்கு. கொழுந்து எடுக்கற பொம்பளைங்க மழையில நனைஞ்சா அங்கதான் துணி மாத்துறாங்க. காமிரா வாசலப் பார்த்துதான் இருந்துச்சு. ரெண்டு வாரத்துக்கு முன்ன பார்த்தா, உள்பக்கம் திரும்பியிருந்துச்சு. நேராக்கி வெச்சேன். மறுநாளும் திரும்பியிருந்துச்சு. ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இருந்து யாரோ திருப்புறாங்க.”

எலைன் நிமிர்ந்து உட்கார்ந்தார். “யாரு?”

“அதான் தெரியல. ஆபீஸ்ல நாலு பேருக்கும் ஒரே பாஸ்வேர்ட். காமிராவக் கழட்டினா ஆளு உஷாராயிடுவான். அதனால ஆபீசுக்கு வழி மட்டும் தெரியாம வெச்சேன். ஏதோ கோளாறுன்னு நெனச்சு, பார்க்கறவனே தேடிக்கிட்டு வருவான்னு காத்திருந்தேன்.”

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று தானே வந்து சொன்ன கதைதான். ஹரிதாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

“நான்... எஸ்டேட் நல்லதுக்குத்தான் மேடம்...”

“மத்த மூணு பேரும் ஒரு வாரமா எதையும் தேடலையே?” என்றார் எலைன்.

எலைன் கடிதத்தை ஒருமுறை நிதானமாகப் படித்தார். பிறகு அதை ஹரிதாஸ் பக்கமே நகர்த்தினார்.

“லெட்டர் நல்லாத்தான் அடிச்சிருக்கீங்க, கிராணியாரே. பேரை மட்டும் மாத்திக் கொண்டாங்க, கையெழுத்துப் போடறேன்.”