ஓடவேண்டிய ஆட்டோ

“இது ஒயிலாண்ணே? தார் மாதிரியில்ல இருக்கு!”

ஆட்டோவுக்கு அடியில் படுத்திருந்த ஷிபான், கறுத்த குழம்பு நிறைந்த தட்டை வெளியே தள்ளினான். பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்ன கராஜ் அவனுடையது.

ரமணன் குனிந்து பார்த்தார். பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து, ஒரு லொறியின் பின்னால் கயிறு கட்டி, அந்த ஆட்டோவைக் காலையில்தான் இழுத்து வந்திருந்தார். நெற்றியில் பூசிய திருநீறு இன்னும் கலையவில்லை.

“ஒரு வருஷமா ஸ்டார்ட் பண்ணல தம்பி. மழையிலயும் வெயில்லயும் சும்மா நின்னுருச்சு.”

ஷிபான் எழுந்து எயார் பில்டரின் மூடியைத் திறந்தான்.

“அல்லாவே! எலி கூடு கட்டிக் குட்டியும் போட்டிருக்கு. நீங்க கராஜுக்கு வந்தீங்களா, பிரசவத்துக்கு வந்தீங்களா?”

ரமணன் இலேசாகச் சிரித்தார். “எல்லாத்தையும் மாத்திருங்க. எயார் பில்டர், ஒயில் பில்டர் ரெண்டும் நல்லதாப் போடுங்க. ஒயில், சிந்தெட்டிக்கா இருக்கட்டும்.”

“இந்தக் கெழட்டு ஆட்டோவுக்கு சிந்தெட்டிக்கா? சாதா ஒயில் போதும்ணே.”

“சிந்தெட்டிக் போட்டா ரொம்ப நாளைக்கு மாத்த வேணாமுன்னு சொன்னாங்களே?”

“அது நெசந்தான். கூடத் தூரம் ஓடலாம். ஏத்தத்துல எஞ்சின் சூடானாலும் தாங்கும்.”

“அப்ப அதையே ஊத்துங்க. அடிக்கடி மாத்த வசதிப்படாது. நாளைக்குக் காலையில புள்ளைங்கள ஏத்திக்கிட்டு ஸ்கூல் ஹயர் தொடங்கணும் தம்பி. பசறை ஏத்தத்துல பொகை கக்கிக்கிட்டு நின்னா, தாய் தகப்பன்மாரு வேற ஆட்டோ புடிச்சிருவாங்க. அப்புறம் வீட்டுல இருக்கிற மூணு சின்னப் புள்ளைங்க சோத்துக்கு என்ன செய்யும்?”

ஷிபானின் கேலி அடங்கிவிட்டது. “கவலைப்படாதீங்கண்ணே. பின்னேரத்துக்குள்ள ஓட வெச்சிருவேன்.”

முதலில் சாதா ஒயிலை ஊற்றி எஞ்சினைக் கழுவினான். கழுவிக்கொண்டே கேட்டான்:

“சோறு போடுற வண்டியை எதுக்கு ஒரு வருஷமா நிறுத்தி வெச்சீங்க?”

“பொலிஸ்ல நின்னுச்சு. கேஸ் முடிஞ்சு இப்பதான் விட்டாங்க.”

“ஆக்சிடன்ட்டா? யாரு மேல பிழை?”

“பனி மேலதான். அன்னைக்குக் காலையில கைய நீட்டினா கை தெரியல.”

“ஆளுக்கு ஒண்ணும் ஆகலையே?”

ரமணன் எதிரே இருந்த தேநீர்க் கடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரு பொம்பளப் புள்ள. சிவானுஜான்னு பேரு. ஒம்பதாம் வகுப்பு. வளைவுல பஸ்சுக்கு நின்னுச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள முடிஞ்சு போச்சு.”

ஷிபானின் கையிலிருந்த ஸ்பேனர் தரையில் விழுந்தது. முன்பக்கத்தில் உள்ளே நசுங்கியிருந்த தகடு அவன் கண்ணில் பட்டது. காலையிலிருந்து எத்தனையோ தடவை அவன் கை வைத்து ஊன்றிய இடம் அது.

“இந்த ஆட்டோவாலயா?”

“இதே ஆட்டோதான்.”

அவன் இரண்டடி பின்னால் போனான்.

“ஒரு புள்ளையக் கொன்ன வண்டிக்கா சிந்தெட்டிக் ஊத்திச் சீராட்டுறீங்க? எனக்கும் ஒரு மக இருக்காண்ணே. நானா இருந்தா இதைக் கொளுத்தியிருப்பேன். அந்தப் புள்ளையோட வாப்பா என்ன பாடு படுவாருன்னு ஒரு நாளாவது நெனைச்சிருக்கீங்களா?”

“நெனைக்காத நாள் இல்ல தம்பி.”

“வாயால சொன்னா போதுமா?”

ரமணன் கோபப்படவில்லை. கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்து, துணியால் துடைத்து, அவனிடம் நீட்டினார்.

“கொளுத்திட்டா மூணு புள்ளைங்க பட்டினி. முருகன் அதைக் கேக்கலையே தம்பி.”

குழந்தைகள் என்ன பாவம் செய்தார்கள் என்று ஷிபானுக்கும் தோன்றியது. ஸ்பேனரை வாங்கிக்கொண்டான். பில்டர்களைப் பூட்டினான். தேன் நிறத்துப் புது ஒயிலை ஊற்றினான். ஸ்டார்ட் பண்ணியபோது எஞ்சின் முதலில் இருமியது. மறுபடி பண்ணியதும் சீராக ஓடியது. புகையே இல்லை.

ரமணன் எஞ்சினை நிறுத்தச் சொன்னார். மூன்று சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் காட்டினார். பிறகு தேநீர்க் கடைப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார்.

“சுரேஸ்! இங்க வா. வந்து எடு.”

கடை ஓரத்தில் இவ்வளவு நேரமும் தலையைத் தொங்கப்போட்டு நின்ற ஓர் இளைஞன் தயங்கித் தயங்கி வந்தான். ரமணன் அவன் உள்ளங்கையில் சாவியை வைத்து, விரல்களை மூடினார்.

“யாருண்ணே இவன், டிரைவரா?” என்றான் ஷிபான்.

“ஆட்டோவே அவனோடதுதான். நான் சொன்ன மூணு புள்ளைங்களும் அவனோடதுதான்.”

ரமணன் பின்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தார். “எடுப்பா. இதுல நான் தோட்டத்துக்குள்ள வந்து எறங்குறதை எல்லாரும் பாக்கணும். அப்பதான் நாளைக்கு அவங்க புள்ளைங்களை இதுல ஏத்துவாங்க.”

“நீங்க ஏறினா அவங்க ஏன் ஏத்துவாங்க?” ஷிபானுக்கு ஒன்றும் புரியவில்லை.

ஹேண்டிலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சுரேஸ் விம்மினான்.

“செத்துப்போன சிவானுஜாவோட அப்பாங்க இவரு.”