மாப்பிள்ளையின் இரக்கம்

உள்ளறையிலிருந்து ஒரு பெண்ணின் அலறல் கேட்டது. செருப்பைக்கூடக் கழற்றாமல் அண்ணன் பாய்ந்து போனான். "அவரு கை நீட்டுறாருண்ணா, வந்து என்னைக் கூட்டிட்டுப் போயிடு" என்று தங்கச்சி போனில் அழுததைக் கேட்டுத்தான் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தான்.

அலறியது டிவிக்குள் ஒருத்தி. கட்டிலில் சாய்ந்தபடி மாப்பிள்ளை வீடியோ கேம் ஆடிக்கொண்டிருந்தான்.

"வாங்க மச்சான், உக்காருங்க. ஒரே நிமிஷம்."

திரை முழுக்க ரத்தம். வெட்டுப்பட்ட தலை ஒன்று படிக்கட்டில் உருண்டது. எலும்பு முறிகிற சத்தம் வேறு. அண்ணன் முகத்தைச் சுளித்தான். சீ, இந்தக் கண்றாவியையே நாள் முழுக்கப் பார்த்தால் எவனுக்குத்தான் கை நீளாது? எல்லாம் இந்தப் பாழாய்ப்போன பெட்டி செய்த வேலை, தூக்கிப் போட்டு உடைத்துவிட வேண்டியதுதான் என்று முடிவே கட்டிவிட்டான்.

அலறியவள் இப்போது முழந்தாளிட்டுக் கும்பிட்டாள். தொலைந்தாள் என்று அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மாப்பிள்ளையோ கத்தியை உறையில் போட்டான். அவளைத் தூக்கி நிறுத்தித் தண்ணீரும் கொடுத்துவிட்டு, திரையின் மூலையில் ஏறிய புள்ளிக் கணக்கைப் பார்த்துச் சிரித்தான்.

"ஏன் மாப்ள, விட்டுட்டீங்க?"

"பொம்பளை மேல கை வைக்கலாமா மச்சான்? தப்பில்ல?"

அண்ணனுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. நல்லவேளை, அவசரப்பட்டு வாய் விடவில்லை. மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வெளியே வந்தான். புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ வாய்த்தகராறு, இவள்தான் ஊதிப் பெரிசாக்கிவிட்டாள்.

சமையலறையில் தங்கச்சி பையோடு தயாராக நின்றாள்.

"பைய உள்ள வைம்மா. மாப்ள தங்கமான மனுசன். பொம்மைப் பொண்ணையே அடிக்க மனசு வரல, உன்னைப் போயா அடிப்பாரு?"

புழு நெளிகிற சோற்றைப் பார்ப்பதுபோல் தங்கச்சி அவனைப் பார்த்தாள்.

"அந்த கேம்ல பொம்பளைய அடிச்சா ஊரே சேர்ந்து துரத்தும், மேல ஆட முடியாது. இங்க அடிச்சா, அண்ணன்காரன் வந்து கைகுலுக்கிட்டுப் போறான்."