திபோ கறி தின்கிறான்

"அக்கா, கறி ஒரு தட்டு. ரொட்டி. ஒரு குவளை ஒயின்."

மதுக்கடை எர்சான் திரும்பிப் பார்த்தாள். திபோதான். இன்றைக்கும் வந்துவிட்டான்.

விறகு வெட்டிப் பிழைக்கிறவன் திபோ. பெரிய பண்டிகைக்குக்கூட அவன் வீட்டில் கறி வெந்து எங்கள் ஊர் பார்த்ததில்லை. இப்போது ஒரு மாதத்துக்கு மேலாகத் தினமும் மத்தியானம் கறியும் ஒயினும். வெள்ளிக்கிழமை மட்டும் மீன். அதுவும் எப்போதிலிருந்து? மடத்துச் சகோதரர் இம்பேரைக் கம்பத்தில் கட்டி எரித்த மறுநாளிலிருந்து.

ஊர் சும்மா இருக்குமா?

"காட்டிக் கொடுத்த காசு ருசியா இருக்கா திபோ?" பக்கத்து மேசையிலிருந்து கொல்லன் எவ்ரார் கேட்டான்.

திபோ தலை நிமிராமல் மென்றான். எவ்ரார் கடையில் இருந்தவர்கள் பக்கம் திரும்பினான்.

"நன்றி கெட்ட நாய்! பட்டினியில சாகக் கிடந்தவனைக் கூட்டிட்டுப் போய், மடத்துப் பந்தியில உட்கார வெச்சு, நாப்பது நாள் சாப்பாடு போட்டாங்க. அந்த இம்பேர்தான் தன் கையால இவனுக்குப் பரிமாறினாரு. கடைசியில அவரையே கொளுத்த வெச்சுட்டான்."

மடம் என்றால் டெம்ப்ளர்களின் மடம். வெள்ளை அங்கி, சிவப்புச் சிலுவை. எங்கள் பாட்டன் பூட்டன் காலத்தில் அவர்கள் ஒரு தட்டில் இரண்டு பேர் சாப்பிட்ட ஏழை வீரர்கள். ஜெருசலேமுக்கு யாத்திரை போகிறவர்களுக்கு வாளோடு வழித்துணையாகப் போனவர்கள். அப்புறம் ஊர் ஊராக நிலம், ஆலை, திராட்சைத் தோட்டம் என்று சேர்ந்தது. அரசரே கடனுக்குக் கை நீட்டுகிற அளவுக்கு வளர்ந்தார்கள். வினை அங்கேதான் வந்தது. புனித பூமியும் கைவிட்டுப் போனபிறகு, ஒரு வெள்ளிக்கிழமை விடிகாலையில் அரசரின் ஆட்கள் நாடு முழுக்க அவர்களை வளைத்துப் பிடித்தார்கள். கடன் கொடுத்தவனே காணாமல் போனால் லாபம் யாருக்கு என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

எங்கள் ஊர்ச் சதுக்கத்திலும் விசாரணை நடந்தது.

"இவங்க சிலுவை மேல துப்பினதைப் பார்த்தவங்க கை தூக்குங்க" என்றார் அதிகாரி.

கைகள் எழுந்தன. மடத்து வாசலை மிதிக்காதவர்களுக்குக்கூட அன்றைக்குக் கண் நன்றாகத் தெரிந்தது. அப்புறம் திபோவை மட்டும் தனியாக உள்ளே கூட்டிப்போனார்கள். மூன்று நாள் கழித்துத்தான் வெளியே விட்டார்கள். உள்ளே என்ன சொன்னான் என்று அவன் வாயைத் திறக்கவே இல்லை.

கிழவர் இம்பேர் முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பிறகு, "வலி தாங்காம பொய் சொன்னேன். அப்படி எதுவும் நடக்கல" என்று மறுத்துவிட்டார். ஒப்புக்கொண்டதை மறுத்தால் நெருப்பு. எரித்த சாம்பலை ஆற்றில் கொட்டினார்கள். பூசையும் இல்லை, கல்லறையும் இல்லை.

"உன் கழுதை எங்கடா? விறகை நீயே சுமந்துட்டு வர்ற?" என்றாள் எர்சான்.

"வித்துட்டேன் அக்கா."

"கேட்டீங்களா! அதிகாரி கொடுத்த காசு வெளியில தெரியக்கூடாதுன்னு கழுதைக் கதை விடுறான்" என்றான் எவ்ரார்.

கடை சிரித்தது. எவ்ரார் எழுந்து வந்து தட்டை ஒரு தட்டுத் தட்டினான். கறி வைக்கோல் தரையில் சிதறியது.

திபோ சண்டைக்குப் போகவில்லை. மண்டியிட்டு ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கித் தின்னத் தொடங்கினான்.

"தூ! மனுசனா இவன்?" என்றான் எவ்ரார்.

எர்சான் காலித் தட்டை எடுத்துக்கொண்டாள். "போதும்டா. நாளையிலேருந்து இந்தப் பக்கம் வராத. யூதாசுக்கு நான் பரிமாற மாட்டேன்."

அத்தனை ஏச்சுக்கும் அசையாதவன் அதற்குப் பதறிவிட்டான்.

"அக்கா, அப்படிச் சொல்லாத. இன்னும் ரெண்டு நாள். ரெண்டே நாள். உன் காலைப் பிடிச்சுக் கேட்கிறேன்."

"ஏன், ரெண்டு நாள்ல காசு தீர்ந்துடுமா?"

திபோ தரையில் உட்கார்ந்தபடியே எல்லோரையும் ஒரு முறை பார்த்தான்.

"அன்னைக்குச் சதுக்கத்துல கை தூக்காதவன் நான் ஒருத்தன்தான். அதனாலதான் என்னைய உள்ள இழுத்துட்டுப் போனாங்க. மூணு நாள் அடிச்சாங்க. அப்பவும் தூக்கல."

எவ்ரார் கையில் இருந்த குவளையைக் கீழே வைத்தான். அதில் இருந்தது மடத்து நிலவறையை உடைத்து ஊரே அள்ளி வந்த ஒயின். திபோ கழுதையை விற்று வாங்கிக் குடித்ததும் அதையேதான்.

"மடத்துல ஒரு சகோதரர் செத்தா, அவர் ஆன்மா கரையேறணும்னு அவர் பங்குக் கறியையும் ஒயினையும் நாப்பது நாள் ஒரு ஏழைக்குப் போடுவாங்க. அது அவங்க வழக்கம். அப்ப நான் தின்னதும் செத்துப்போன ஒருத்தரோட பங்குதான். இப்ப இம்பேர் பேர்ல போடுறதுக்கு மடம் இல்ல. வேற ஏழையைக் கூப்பிடலாம்னா, தின்னவனையும் நீங்க நெருப்புல தள்ளிடுவீங்க."

கடைசித் துண்டில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டு வாயில் போட்டுக்கொண்டான்.

"அதான் அக்கா, போடுறவனும் நானே, தின்கிற ஏழையும் நானே."