கொட்டாம்பட்டியிலிருந்து ஒரு 'ம்'

கிணற்றுக்குள் இறங்கிய மருமகள் மேலே வருவதற்குள் சரண்யாதேவிக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. கதையை நிறுத்திவிட்டு, எதிரே மாட்டியிருந்த போனையே பார்த்தாள். 'ம்' வந்தது. முத்திருளன், கொட்டாம்பட்டி.

வெந்நீரை ஒரு வாய் குடித்துவிட்டு மறுபடி தொடங்கினாள்.

கோச்சடை வீட்டு மாடியறையில் உட்கார்ந்து அவள் சாயங்காலந்தோறும் யூடியூப் லைவில் கதை சொல்கிறாள். 'ம்' கொட்ட ஆளிருந்தால்தானே கதை நகரும்? அவள் நிறுத்தும் இடத்திலெல்லாம் கேட்பவர்கள் 'ம்' என்று எழுதவேண்டும். ஒரு காலத்தில் திரை கொள்ளாமல் 'ம்' விழுந்தது. பிறகு ஒவ்வொருவராகக் குட்டி வீடியோக்களுக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியவர் இந்த முத்திருளன் ஒருவர்தான்.

அவர் பெயருக்குப் பக்கத்தில் கத்தரித் தோட்டப் படம் ஒன்று இருந்தது. அதைப் பார்த்ததிலிருந்து அவருக்கென்றே கதைகளைப் பொறுக்கினாள். ராஜா ராணியை ஒதுக்கிவிட்டு மழை, மாடு, வரப்புச் சண்டை என்று தேடித் தேடி எடுத்தாள். தோட்டத்தில் தனியாகக் கிடக்கிற மனுசரோ என்னவோ என்று பேய்க்கதையை அடியோடு விட்டாள்.

பகலெல்லாம் பள்ளிக்கூடத்தில் கத்துகிற டீச்சர் அவள். இப்படியே போனால் குரல் போய்விடும், கூடவே வேலையும் போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கணவன் சிவக்குமாருக்கு ஆற்றாமை.

"ஒத்தை ஆளுக்காகவா தொண்டையைக் கிழிச்சுக்கிற?"

"கேக்குற ஆளைப் பாதிக் கதையில விட்டுட்டு எப்படிங்க எந்திரிக்கிறது?"

போன வாரம் மைக் ஒயர் கழன்று கிடந்ததை அவள் கவனிக்கவில்லை. பதிவைத் திரும்பப் போட்டுப் பார்த்தபோதுதான் பாதிக் கதைக்குச் சத்தமே இல்லை என்று தெரிந்தது. ஆனாலும் ஓர் இடத்தில்கூட 'ம்' தவறவில்லை. சொன்னால் சங்கடப்படுவேன் என்று பொறுத்துக்கொண்டிருக்கிறாரே என்று அவளுக்குக் கண் கலங்கியது. அப்படிப்பட்ட ஆளுக்குச் சிலைதான் வைக்கவேண்டும் என்றான் சிவக்குமார்.

இன்று, மருமகளை ஒருவழியாகக் கிணற்றிலிருந்து ஏற்றிவிட்டுப் பார்த்தால், குரல் வெறும் காற்றாக வந்தது. இனி முடியாது. அதை எழுத்தில் சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. போன் நம்பர் அனுப்பச் சொல்லி எழுதினாள். 'வீட்டுக்காரி நம்பர்' என்று ஒன்று வந்தது.

தொண்டை கொஞ்சம் ஆறியபின் அழைத்தாள். எடுத்தவர் முத்திருளனின் மனைவி சீனியம்மாள். கதை சொல்கிற பிள்ளை என்று தெரிந்ததும் சாப்பிட்டாயா, பிள்ளை குட்டி உண்டா என்று எல்லாம் விசாரித்தார். சரண்யாதேவி தயங்கித் தயங்கி, தொண்டை முடியவில்லை, இனிமேல் கதை கிடையாது, ஐயாவிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்றாள்.

அந்தப் பக்கம் பெருமூச்சு ஒன்று கேட்டது.

"நல்லதாப் போச்சு தாயி. இனிமேயாச்சும் மனுசன் நேரத்தோட சோறு திம்பாரு. தோட்டத்துல இருந்து வந்து கைகால்கூடக் கழுவாம போனைப் புடிச்சு உக்காந்திருவாரு. சாப்பிட வாங்கன்னா, 'அந்தப் புள்ள நிறுத்தி நிறுத்தி நம்ம மூஞ்சியவே பாக்குது, நாமளும் எந்திரிச்சுட்டா அதுக்கு ஆளே இல்லாமப் போயிரும்டி'ம்பாரு."

சரண்யாதேவி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அப்ப... என் கதையெல்லாம் அவருக்குப் பிடிக்கலையாம்மா?"

"அவருக்குத்தான் ரெண்டு காதும் கேக்காதே தாயி."