கோணல் வால்

உப்புத் தண்ணீர் மீன் தொட்டி புதிதாக வைத்தால் முதலில் பழுப்புப் பாசிதான் படியும், பயப்படாதீர்கள் என்று மீன் கடைக்காரர் சொல்லியிருந்தார். அறிவழகன் அதைச் சுரண்ட பிளேடு தேடிக்கொண்டிருந்தபோது, அவன் ஆறு வயது மகள் நிலானி சட்டைக்கை நனைய உள்ளே கைவிட்டு, கண்ணாடிப் பாசியில் விரலால் ஒரு மீன் வரைந்தாள். வால் ஒரேயடியாகக் கோணியிருந்தது. "தண்ணி கெட்டுப்போயிடும்டி, கையை எடு!" என்று அதட்டினான். அடுத்த வாரம் காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது.

மற்ற மூன்று பக்கமும் அவன் பளிச்சென்று சுரண்டிவிடுகிறான். அந்தப் பக்கத்தில் மட்டும் பிளேடு படாது. ஆனால் பாசி சும்மா இருக்குமா? கோடுகளை மூடிக்கொண்டே வந்தது. தினமும் காலையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவள் இழுத்த கோட்டின் மேலேயே தன் விரலை ஓட்டுவான்.

இன்று மனைவி மேகலா பின்னால் வந்து நின்று வெகுநேரம் பார்த்தாள்.

"வால் நேராயிடுச்சேங்க," என்றாள்.

அவன் விரல் தண்ணீருக்குள் அப்படியே நின்றது. எந்தப் பக்கம் கோணியிருந்தது?