பத்து எண்ணுவதற்குள்

மூன்று என்று எண்ணும்போது அடுப்படியில் அடுப்பு அணைந்தது.

ஐந்தில் குழாய் நின்றது. ஏழில் செருப்புகள் உரசும் சத்தம் கேட்டது. ஒன்பதில் வாசல் கதவு திறந்து மெல்லச் சாத்திக்கொண்டது.

அவன் நிமிரவில்லை. கூடத்துத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மூத்த மகளுக்காக வாங்கிய புத்தக அலமாரியைப் பொருத்திக்கொண்டிருந்தான். பன்னிரண்டு ஸ்க்ரூ என்று பெட்டியில் இருந்த தாள் சொன்னது. வாய்விட்டு எண்ணிப் பார்த்தான். பன்னிரண்டும் இருந்தன. விடுமுறை நாள், காலை வெயில், மனசு லேசாக இருந்தது. பாட்டுக்கூட முணுமுணுத்தான்.

பலகையைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டியிருந்தது. மகளைக் கூப்பிட்டான். மனைவியைக் கூப்பிட்டான். பதில் இல்லை. ஸ்க்ரூக்களைக் கையில் அள்ளிக்கொண்டு எழுந்து போய்ப் பார்த்தால், வீட்டில் ஈ காக்கை இல்லை.

வாணலியில் காய் பாதி வெந்து கிடந்தது. அடுப்பை மட்டுமல்ல, சிலிண்டரையும் மூடியிருந்தார்கள். அவனே மறந்துவிடுகிற வேலை அது. அறையில் மின்விசிறி நின்றிருந்தது. மனைவியின் போன் சார்ஜில் இருந்தது. சின்னவள் ஒரு யானைக்குப் பாதி வண்ணம் அடித்துவிட்டு, மூடாத பேனாவை அதன் மேலேயே போட்டிருந்தாள். கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன, ஒன்றுகூடப் பூட்டவில்லை.

அவர்களைப் பாராட்டத்தான் முதலில் அவனுக்குத் தோன்றியது. தொழில் புத்தி யாரை விட்டது.

அவன் ஒரு தையல் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. மாதம் ஒரு முறை தீ ஒத்திகை நடத்துவான். எல்லாவற்றையும் அணை, எதையும் எடுக்கத் திரும்பாதே, கதவைச் சாத்து, பூட்டாதே, ஓடாதே, சொன்ன இடத்தில் போய் நில் என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துவான். அதற்குப் பலன், முதுகுக்குப் பின்னால் சைரன் என்று ஒரு பெயர். நானூறு பேரும் தலையை வாரிக்கொண்டு, சாப்பாட்டு டப்பாவுக்காக ஒரு நடை திரும்பிப் போய், கல்யாணத்துக்குக் கிளம்புவது போல ஆடி அசைந்து வெளியே வரப் பதினொரு நிமிடம் ஆகும்.

அப்படி ஒரு ஒத்திகையன்று நாற்காலியைத் தூக்கிச் சுவரில் அடித்தான். மேலாளர் அவனை ஒரு ஆலோசகரிடம் அனுப்பினார். அந்த அம்மா நிறையச் சொன்னார். கோபம் தலைக்கு ஏறும் முன்பே உடம்பில் தெரியும், அதைக் கவனியுங்கள் என்றார். வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள் என்றார். நின்ற இடத்தில் நின்று, மூச்சை இழுத்து விட்டு, வாய்விட்டுப் பத்து வரை எண்ணுங்கள் என்றார். அவர் கடைசியாகச் சொன்னதை மட்டும் சைரன் பிடித்துக்கொண்டான்.

நான்கு மாதம் எண்ணினான். சுவரைப் பார்த்து, கண்ணை மூடி, சத்தமாக. கண்ணைத் திறக்கும்போது அறை காலியாக இருக்கும். தன்னைத் தொந்தரவு செய்யாமல் ஒதுங்கியிருக்கிறார்கள், நல்ல பிள்ளைகள் என்று நினைத்துக்கொள்வான். நான்கு மாதமாக வீட்டில் ஒருவர் மேலும் கை வைக்கவில்லை என்று ஆலோசகரிடம் மார்தட்டிக்கொண்டான். அவரும் பாராட்டினார்.

முதல் நாளைப் பற்றி மட்டும் அவன் வாயே திறக்கவில்லை. அன்று பத்து வரை ஒழுங்காக எண்ணி முடித்துவிட்டுத்தான் மூத்தவளின் கையை முறுக்கினான். மூன்று வாரம் கட்டுப் போட்டிருந்தாள். பழக ஆரம்பித்த நாளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று அவனே தீர்ப்பு எழுதிக்கொண்டான்.

பால்கனிக்கு வந்து எட்டிப் பார்த்தான்.

கீழே சைக்கிள்கள் நிறுத்துமிடத்தில் மூவரும் நின்றிருந்தார்கள். மனைவி இரண்டு பிள்ளைகளின் தலையையும் தொட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். போன வருடம் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க வந்தபோது அவன்தான் அதைக் கற்றுக்கொடுத்தான். நானூறு பேர் காதில் ஏறாத பாடம் இந்த மூன்று பேர் காதில் ஏறியிருந்தது.

மூவரும் அண்ணாந்து அவன் வாயையே பார்த்தார்கள்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அவன் ஸ்க்ரூவைத்தான் எண்ணுகிறான் என்று அவர்கள் பார்க்கவில்லை. எண்ணுவதைக் கேட்டார்கள், அவ்வளவுதான். இந்த வீட்டுக்கு அதுதான் அபாய மணி. நான்கு மாதமாக அவன் அடிக்காமல் இருந்ததற்குக் காரணம், பத்து முடியும்போது அடிக்க ஆள் இல்லாததுதான்.

சின்னவள் வாயருகே கையைக் குவித்துக்கொண்டு கேட்டாள்.

"அப்பா, பத்து ஆயிடுச்சா? வரலாமா?"

பக்கத்து வீட்டு ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது. அவமானத்தில் அவனுக்குக் காது மடல் சுட்டது.

"அலமாரிக்கு ஸ்க்ரூ எண்ணிட்டிருந்தேன். ஒண்ணுமில்ல, மேல வாங்க."

குரலைத் தணித்து, சிரித்துக்கொண்டேதான் சொன்னான். யாரும் நகரவில்லை.

தொழிற்சாலையில், இனி உள்ளே போகலாம் என்று சொல்லும் அதிகாரம் சைரன் ஒருவனுக்குத்தான். இங்கே மனைவி திரும்பி மூத்தவளைப் பார்த்தாள்.

மூத்தவள் அவன் சிரிப்பைப் பார்க்கவில்லை. பால்கனிச் சுவர் மேல் அவன் வைத்திருந்த வலது கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அம்மாவிடம் இல்லை என்று தலையசைத்துவிட்டு, தங்கையைத் தன் பின்னால் இழுத்து நிறுத்திக்கொண்டாள்.

அவனும் குனிந்து பார்த்தான். பன்னிரண்டு ஸ்க்ரூக்களும் அந்தக் கைக்குள்தான் இருந்தன. விரல்கள் எப்போது இறுகி மூடிக்கொண்டன என்று அவனுக்குத் தெரியவில்லை.