தோள் பட்டன்

"அந்தக் கேமைத் தூக்கி வீசு ஷர்மினி. பெத்தவன் ஒரு போன் பண்ண மாட்டேங்கிறான், இதுக்குள்ள எங்கேர்ந்துலா வருவான்?"

தனேஷின் காதுபடவே சொன்னாள் சரளா. பக்கத்து வீட்டில் இருக்கிற சொந்த அத்தை. பிள்ளைக்கு ஆறு வயசு.

ஷர்மினிக்குக் கணவனின் அக்காவிடம் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை.

தர்மா தீபாவளி முடிந்த கையோடு சிங்கப்பூர் வேலைக்குப் போனவன். கிளம்பும்போது கேம் கண்ட்ரோலரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை மகனிடம் கொடுத்தான். பிரித்தால்தான் தெரியும், ஒவ்வொரு பாதியின் ஓரத்திலும் ஒளிந்திருக்கும் இரண்டு சின்ன ஷோல்டர் பட்டன்கள். தனேஷுக்கு அது 'தோள் பட்டன்'.

"இந்தப் பாதி அப்பாகிட்ட இருக்கும். சாமி விளக்கு ஏத்துனதும் நீ தோள் பட்டன் ரெண்டையும் சேர்த்து அமுக்கு. அப்பா அங்கேர்ந்து அமுக்குறேன். சேர்ந்து விளையாடலாம்."

போன் வருவது நின்றுபோனது. ஆனால் விளக்கு ஏற்றியதும் திரையில் இரண்டாவது ஆள் மட்டும் தவறாமல் வந்து நின்றான்.

நடக்க மாட்டான். சண்டை போட மாட்டான். "அப்பா, குதிங்க" என்று தனேஷ் கத்தினால் ஒரு குதி. அவ்வளவுதான்.

"அப்பாவுக்கு விளையாட மறந்துபோச்சும்மா."

ஷர்மினி, ஈப்போவில் கைப்பேசிக் கடை வைத்திருக்கும் தம்பி சீனியைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"சிங்கப்பூர்லேர்ந்தா? என்னக்கா நீ. அந்தக் கண்ட்ரோலர் சிக்னல் ஒரு வீட்டுத் தூரம் எட்டுனாலே பெருசு. யாரோ பக்கத்துல உட்கார்ந்து அமுக்குறாங்க."

பக்கத்தில்.

அப்படியென்றால் வந்துவிட்டார். வேலை போயிருக்கும். முகத்தைக் காட்ட வெட்கப்பட்டு, இங்கேயே எங்கோ.

அன்று சாயங்காலம் அவர்கள் ஊரான கமுந்திங்கில் நல்ல மழை. ஷர்மினி முகம் கழுவிப் பொட்டு வைத்தாள். கோணலாகத் தெரிந்தது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள்.

திட்டக் கூடாது. இத்தனை நாள் எங்கே இருந்தீங்க என்றுகூடக் கேட்கக் கூடாது. சாப்பிட்டீங்களா. அது போதும்.

விளக்கு ஏற்றினாள். ஹாலில் தனேஷ், "அப்பா, குதிங்க" என்றான்.

சமையல்கட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் 'கிளுக்' என்று ஒரு சத்தம்.

பின்கதவைத் திறந்தாள்.

சுவரை ஒட்டி, கவிழ்த்த வாளிமேல் சரளா உட்கார்ந்திருந்தாள். ஃபேக்டரியிலிருந்து வந்தவள் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. மடியில் கண்ட்ரோலரின் மற்ற பாதி.

"அண்ணி... அவரு எங்க?"

சரளா நிமிரவில்லை.

"நான்தானே அவனை பஸ் ஸ்டாண்ட்ல இறக்கிவிட்டேன். திரும்பிப் பார்த்தா இது மோட்டார் சைக்கிள் கூடையில கிடக்குது. மறந்துட்டான்னு நினைச்சு, ஓடிப்போய் ஜன்னல் வழியா நீட்டுனேன். 'நீயே வச்சுக்கக்கா, இனிமே இது எதுக்கு'ன்னான். அப்பவே தெரிஞ்சுபோச்சு."

மழை கூரைத் தகரத்தில் அறைந்தது.

"பிள்ளை அங்க அமுக்கிட்டுக் காத்திருக்குமேன்னு, ஒரே ஒரு நாளைக்குத்தான்லா செஞ்சேன். இப்போ சார்ஜ் போட தனியா ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன். எனக்கு விளையாடத் தெரியாது. இந்த ரெண்டு பட்டன்தான் தெரியும். நீ தூக்கி வீசினா நானும் நிறுத்திடலாம்னு பார்த்தேன். நீ வீச மாட்டேங்கிற."

"அப்பா, குதிங்க."

சரளாவின் விரல்கள் அசையவில்லை.

உள்ளேயிருந்து மறுபடி, மெதுவாக:

"அப்பா... இருக்கீங்களா?"

ஷர்மினி கண்ட்ரோலரை வாங்கி, தோள் பட்டன் இரண்டையும் சேர்த்து அமுக்கினாள்.